மூன்றாவது சைக்கிள்

— சரி கேளு, ஜெனீல். நான் பின்னாடி போய் நின்னு கையைத் தூக்கினப்புறம்தான் டிரக்கை எடுக்கணும். கண்ணாடியில என்னைப் பார்க்க முடியலன்னா நிறுத்திடு.

— கல்யாணமான நாள்லேர்ந்து இதையேதான் சொல்றே, லவெல். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவளா நான்?

— நம்ம வீட்டு வாசல்ல எடுக்கறது வேற. இங்க பின்னாடி பாறை விளிம்பு. அதுக்கப்புறம் வெறும் காத்துதான்.

— அப்ப தள்ளி நிறுத்தலாமே. அடுப்பு, கட்டில்னு வீட்டையே இழுத்துட்டு வந்திருக்கோம், அதைக் கொண்டுபோய் விளிம்புலதான் வைக்கணுமா?

— போன செப்டம்பர்லயும் இங்கதான் போட்டோம். டாலின் கீழேர்ந்து ஏறி வந்தான்னா, டிரெய்லர் நின்ன இடத்தைத்தான் தேடுவான்.

— உன் தம்பி செத்துட்டான், லவெல். வெள்ளம் அடிச்சுட்டுப் போய் ஏழு மாசமாச்சு.

— உடம்பு கிடைக்கலையே.

— கிடைக்கல. அதுக்காக நீயும் அந்தப் பாறை இடுக்குல இறங்கணுமா? நாளைக்கு மேட்டுப் பாதையில சைக்கிள் ஓட்டுறோம், சாப்பிடுறோம், கிளம்புறோம். அப்படிச் சொல்லித்தான் என்னைக் கூட்டிட்டு வந்தே. நீ இறங்கினேன்னா நான் டிரக்கை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்.

— சரி கேளு, முதல்ல டிரெய்லரைப் போடுவோம். வாக்கி-டாக்கியை ஆன் பண்ணி வை.

— ரெண்டுதான் இருக்கு. மஞ்சள் வாக்கி எங்கே?

— மஞ்சள் டாலினோட போச்சு. நான் வண்டியை விட்டு இறங்கறேன்.

— லவெல்? பின்னாடி போயிட்டியா? சாயங்கால வெயில் நேரா கண்ணாடியில அடிக்குது. ஒரே சிவப்பு. ஒண்ணும் தெரியல.

— தெரியாட்டி என்ன, நான் சொல்றேன்ல. மெதுவா வா.

— ரொம்ப இரையுது. கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு.

— இங்க காத்து அப்படி. ஸ்டியரிங்கை அடியில பிடி. இடது பக்கம் தள்ளு. ம். இப்ப நேராக்கு. நாளைக்கு என்னன்னு பேசிக்கிட்டே வா.

— அதான் பேசியாச்சே. மேட்டுப் பாதை.

— மேட்டுல என்ன இருக்கு? வெயிலும் கல்லும். கீழ இறங்குவோம். விடிஞ்சதும் சைக்கிளை எல்லாம் பள்ளத்தாக்கு வாய்க்கிட்ட விட்டுட்டு வந்துடணும். அப்புறம் இங்கேர்ந்து நடந்து இறங்கி, அந்தப் பக்கம் வெளிய வந்து, சைக்கிள்ல மண் ரோட்டுல திரும்பிடலாம்.

— அன்னிக்கும் இதே திட்டம்தான். நீ குடிச்சுட்டுத் தூங்கிட்டே, அவன் தனியா இறங்கினான். அவன் சைக்கிள் மட்டும் பூட்டின இடத்துலயே நின்னுக்கிட்டிருந்துது.

— அதைக் கொண்டு வந்தியா?

— எதை?

— அந்தச் சைக்கிளை.

— என்ன கேள்வி இது? நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்றேன், நீதானே டிரெய்லர் பின்னாடி மாட்டினே. உன் மூக்குக்கு நேரா தொங்குமே.

— ஆமா. இங்கேர்ந்து தெரியுது. செயினுக்கு எண்ணெய்கூட விட்டிருக்கு. நல்லது. மூணையும் வாய்க்கிட்ட விட்டுடுவோம். கடைசியா வெளிய வர்றவனுக்கும் ஒண்ணு வேணும்ல?

— இப்படிப் பேசாதே. எனக்குப் பிடிக்கல.

— சரி, பேசல. வா, வா. இடம் இருக்கு. ராத்திரிக்கு என்ன சாப்பாடு?

— உருளைக்கிழங்கும் சீஸும். வீட்டுலயே பண்ணிட்டேன், சூடு பண்ணினா போதும்.

— சாவு வீட்டு உருளைக்கிழங்கா?

— நம்ம ஊர்ல எவன் செத்தாலும் அதைத்தான் தட்டு தட்டா தூக்கிட்டு வராங்க. அதுக்காக உயிரோட இருக்கறவ திங்கக் கூடாதா?

— போன செப்டம்பர்ல யாரும் செய்யல.

— உடம்பு இல்லாம என்னத்தைச் செய்யறது? உங்கம்மா ஜெபம் வைக்கக்கூட விடல. வருவான், வருவான்னுட்டு வாசல் லைட்டை இன்னும் அணைக்கல.

— அம்மா சொல்றது சரிதான். நடந்து வந்தா பசிக்கும். கொஞ்சம் வலது.

— லவெல், நிஜமா கேக்கறேன். இறங்கும்போது மழை வந்தா?

— மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. அன்னிக்குத் தலைக்கு மேல ஒரு மேகம் இல்ல, வானம் நீலமா நூல் மாதிரி கிடந்துது. முதல்ல வந்தது தண்ணி இல்ல. வாசனை. ஈர மண் வாசனை. அப்புறம் சில்லுனு ஒரு காத்து. பாறை ரெண்டு பக்கமும் அதிர்ந்துது. கடைசியாத்தான் தண்ணி. அதுவும் தண்ணி மாதிரியா இருந்துது? சேறும் மரமும் எழுந்து நடந்து வந்த மாதிரி.

— உனக்கு எப்படித் தெரியும்? நீ கட்டிலை விட்டு எழுந்திரிக்கவே இல்லையே.

— ஏழு மாசமா வேற எதை நினைக்கறது?

— அழறியா?

— இல்ல. வாயில மண்ணு. வா, இன்னும் கொஞ்சம்.

— பின்னாடி தாழற மாதிரி இருக்கே.

— மணல் அப்படித்தான் இருக்கும். அழுத்தி மிதி.

— உன்னைப் பார்க்க முடியலன்னா நிறுத்தணும்.

— வெயில் இறங்கறதுக்குள்ள போட்டுடலாம். நம்பி வா.

— சரி. மிதிக்கறேன்.

— ஜெனீல், பிரேக். பிரேக்கைப் பிடி. காலை எடுக்காதே, பார்க்கிங்ல போடு.

— கதவை எதுக்கு இப்படி உடைக்கறே, லவெல்? பின்னாடி நின்னவன் எப்படி ஜன்னலுக்கு வந்தே?

— எங்க பின்னாடி நின்னேன்? ஜூனிபர் புதர் மறைவுல ஒதுங்கப் போயிருந்தேன். எழுந்து பார்த்தா வண்டி போகுது. டிரெய்லர் பம்பர் விளிம்பைத் தாண்டித் தொங்குதுடி. நான் கையைத் தூக்காம யாரு உன்னை எடுக்கச் சொன்னது?

— நீதான். வாக்கியில. இவ்வளவு நேரமும் பேசிட்டே இருந்தியே.

— என் வாக்கி உன் பக்கத்து சீட்டுலதான் கிடக்கு, பாரு. எடுத்துட்டுப் போக மறந்துட்டேன். ஆன்கூடப் பண்ணல.

— அப்ப இது...

— கீழ வச்சுடு. இறங்கு. மெதுவா, வண்டி ஆடாம இறங்கு.

— இரு. இன்னும் இரையுது, கேளு.

— ஏன் நிறுத்திட்டே, அண்ணி? இன்னும் ரெண்டடி வந்தா சைக்கிள் கைக்கு எட்டிடும்.