பூட்டு வெளியே இருந்தது

வேப்பம்பட்டில் ஏரிப் பக்கத்திலிருந்து நல்ல காற்று வரும், சார். அங்கே மனை வாங்கியதற்கு வேறு காரணம் கிடையாது. ஒரு வீடு கட்டி, மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசை. பக்கத்து மனையும் விலைக்கு வந்தது. அதை என்னோடு வேலை பார்த்த வேம்புலியின் பெயரில் பதிவு செய்தேன். பணம் என்னுடையது. நான் நீட்டும் எதிலும் அவன் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவான்.

பாடியில் ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்த லேத்தில் நின்றவர்கள் நாங்கள். அம்பத்தூரில் நான் சொந்தப் பட்டறை தொடங்கியபோது முதல் ஆளாக வந்து சேர்ந்தான். முதலாளி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அண்ணாத்தே என்பான். நானும் திருத்தவில்லை.

பட்டறை நொடித்துப்போனது. மின்சார வண்டிகள் பெருகியதும் நாங்கள் கடைந்து கொடுத்த என்ஜின் பாகங்களை வாங்க ஆளில்லை. வக்கீல் சிவராமன் திவால் மனு போடச் சொன்னார். பொறுமையானவர், எல்லாவற்றையும் விளக்கினார்.

"உங்ககிட்ட இருக்கிற சொத்து அத்தனையும் கோர்ட்ல சொல்லிடுங்க, லோகநாதன். அதை வித்துக் கடன்காரங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க, நீங்க நிம்மதியா வெளிய வரலாம். எதையாவது மறைச்சா அது தனிக் குற்றம். ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போட சட்டம் இருக்கு."

கவனமாகக் கேட்டுக்கொண்டேன். அந்த வாரமே நல்ல நிலையில் இருந்த மூன்று எந்திரங்களை வேம்புலி மனையில் போட்ட தகர ஷெட்டுக்கு மாற்றி, அவனை வைத்துச் சில்லறை வேலைகளைக் கடையத் தொடங்கினேன். மனுவில் என் காலி மனையைக் காட்டினேன். ஷெட்டைக் காட்டவில்லை. அது என் பெயரில் இல்லையே.

பிறகு செய்த ஒவ்வொன்றும் அதற்கு முன்பு செய்ததால் வந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மின் இணைப்பு வாங்கினால் யார் எதற்கு என்று கேட்பார்கள் என்பதால் டீசல் ஜெனரேட்டர் வைத்தோம். அது வெளியே நின்றால் தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், அதனால் உள்ளே இழுத்தோம். ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது, தகரம் அடித்து மூடினேன். ஷட்டர் பூட்டாமல் இருந்தால் யாராவது தூக்கிப் பார்ப்பார்கள். ஆகவே காலையில் வேம்புலி உள்ளே போனதும் வெளியே பூட்டுவேன், மாலையில் வந்து திறப்பேன். மனைக்காரன் என்று அவனை யாராவது போனில் அழைத்து விசாரிக்கலாம். அதனால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

முதல் நாள் பூட்டும்போது உள்ளிருந்து சிரித்தான்.

"இன்னா அண்ணாத்தே, புழல் செயிலாட்டம் கீது. மணியடிச்சா சோறு போடுவியா?"

"சாப்பாட்டுப் பைய உள்ள வெச்சிருக்கேன், பாரு."

"பேஷ். வார்டன்னா நீதான் வார்டன்."

சில நாட்களில் தலை சுற்றுகிறது என்றான். டீசல் புகை நெஞ்சிலேயே நிற்கிறதாம். மறுநாளே ஒரு மேசை விசிறி வாங்கிக் கொடுத்தேன். பில் என்னிடம் இருக்கிறது.

ஆயுத பூஜைக்குத்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது. உள்ளேயே கற்பூரம் காட்டிவிட்டு விடு என்றேன். அவன் ஒப்பவில்லை.

"நாம ஒளிஞ்சிகினு கீறோம்னு மிசினுக்குத் தெரியுமா? பூசணிக்கா ஒடைக்கலன்னா வெரல வாங்கிடும் அண்ணாத்தே. பூசைய மட்டும் திருட்டுத்தனமா பண்ணக் கூடாது."

அன்று பூஜை முடிந்து நான் கிளம்பிய பிறகு, ஷட்டருக்கு முன்னால் குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். மறுநாள் விஜயதசமி. அன்று எந்திரத்தைக் கொஞ்சமாவது ஓட்டியாக வேண்டும் என்று வந்து நின்றான். உடைந்த துண்டுகளைத் தள்ளிவிடலாம் என்றேன். தானாகக் காய வேண்டும், கை வைக்கக் கூடாது என்றான். நானும் விட்டுவிட்டேன். அவனை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு நெமிலிச்சேரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன்.

அப்போதுதான் சாவித்திரி மேடம் போன் செய்தார். கோர்ட் என் சொத்துகளைப் பார்வையிட நியமித்த ரிசீவர். கோர்ட்டுக்கு விடுமுறை, காலி மனையை இன்றைக்கே பார்த்துவிடலாம் என்றார். மறுத்தால் சந்தேகம் வரும். என் காரிலேயே அழைத்துப் போனேன்.

மனையைப் பார்த்தார், போட்டோ எடுத்தார். திரும்பும்போது ஷெட்டின் முன்னால் நின்றுவிட்டார்.

"பூட்டிக் கெடக்கிற ஷெட்டுக்கு யார் சார் பூசணிக்காய் உடைச்சது?"

"ஓனர் வந்து உடைச்சிருப்பாரு மேடம்."

"ஓனர் யாரு?"

"வேம்புலின்னு ஒருத்தர்."

"உங்க பட்டறை ஆளுங்கள்லயும் ஒரு வேம்புலி இருந்தாரே?"

நான் இயல்பாக நடந்து போய் ஷட்டரில் சாய்ந்து நின்றேன். எதிரே கிரானைட் அறுக்கும் பட்டறையிலும் அன்று புதிதாக ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஷெட்டுக்குள் ஓடிய ஜெனரேட்டர் கேட்கவில்லை. நாங்களே உரக்கத்தான் பேசினோம். அதனால் ஷட்டரை உள்ளிருந்து தட்டியது மேடத்துக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. எனக்கும் கேட்கவில்லை என்றே சொல்ல வேண்டும். முதுகில் தெரிந்தது, அவ்வளவுதான். முதலில் தோள் உயரத்தில். பிறகு இடுப்புக்குப் பக்கத்தில். வேம்புலிக்கு வேலை கொடுத்தது எப்படி, பழைய ஆள் மனை வாங்கினால் தப்பா என்று நான் மேடத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, என் குதிகாலுக்குப் பின்னால் லேசாக ஒரு தட்டல். அப்புறம் இல்லை.

"நாளைக்குக் காலையில வர்றேன். அவரை வந்து திறந்து காட்டச் சொல்லுங்க" என்றார்.

சரி என்றேன். அவரை ஆவடியில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். உடனே திரும்பிப் போய்த் திறந்திருந்தால் கிரானைட் பட்டறை ஆட்கள் பார்த்திருப்பார்கள். அதனால் வழியில் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் வேலை முடித்துப் போகும்வரை காத்திருந்தேன். நடுவில் வேம்புலியின் மனைவி சாமுண்டீஸ்வரி போன் செய்தாள்.

"அண்ணா, அவுரு இன்னும் ஊட்டுக்கு வர்ல. இன்னிக்கு மிசினத் தொட்டுட்டு உட்னே வரேன்னாரு. பொண்ணு கவிப்பிரியா சாப்டாம குந்திகினு கீது."

திருநின்றவூருக்குச் சரக்கு கொண்டுபோயிருக்கிறான், தாமதமாகும் என்றேன். அவள் பதறக் கூடாது என்று நினைத்தேன்.

ஷட்டரைத் தூக்கியபோது ஜெனரேட்டர் டீசல் தீர்ந்து நின்றிருந்தது. நான் டெம்போ டிரைவர் ராகேஷை வரச் சொன்னேன். எந்திரங்கள் காலைக்குள் வேறு இடம் போயாக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். தொட்டுப் பார்த்தேன், சார். பயனில்லை. ராகேஷ் வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஆளு கெடக்குது, நீ மிசின ஏத்துன்ற" என்றான். வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வந்தவன் அவன்தான்.

எந்திரங்களை மறைத்ததை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அதில் பொய் சொல்லப் போவதில்லை. வேம்புலி விஷயத்தில் என் தரப்பில் நடந்தது இவ்வளவுதான், நான் சற்று நேரம் சாய்ந்து நின்றேன்.

சாவி பையில் இருந்ததே, அப்போதே திறந்திருக்கலாமே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். திறந்திருந்தால் மேடம் எந்திரங்களைப் பார்த்திருப்பார். சிவராமனைக் கேளுங்கள், அதற்குச் சிறை என்று அவர்தான் சொன்னார். நான் குடும்பஸ்தன். ஒரு வருஷம் வீட்டைப் பிரிந்து ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடப்பது என்றால் சின்ன விஷயமா, சார்?