முந்நூறு வெள்ளி சிலுவார்

ஞாயிறு காலை, தாப்பாவில் ஒரு தோசைக் கடை. வரிசையில் எனக்கு முன்னால் ஈப்போவிலிருந்து சைக்கிளில் வந்த கணவனும் மனைவியும் நின்றார்கள். அவர்களைப் பார்க்க வந்த உள்ளூர்த் தோழியிடம் மனைவி தன் காற்சட்டையைக் காட்டிச் சொன்னாள்:

“நான் போட்டிருக்கிறது இவரு சிலுவார்லா.”

“பஞ்சு வச்ச சைக்கிள் சிலுவாரா? விலை முந்நூறு வெள்ளியான்னு ஒரு வாரம் அண்ணன்கிட்ட பேசாம இருந்தீங்களேக்கா, அதுவா?”

“அதேதான். பாதி வழி, கம்பார் வரைக்கும் என் பழைய டிராக்சூட்ல வந்தேன். அதுக்கு மேல உட்கார முடியல, அழுதுட்டேன். பெட்ரோல் ஸ்டேஷன் டாய்லெட்ல இவரு இதைக் கழட்டிக் கொடுத்தாரு.”

“அப்ப நீங்க அண்ணே?”

“அவ டிராக்சூட் எனக்கு,” என்றார் கணவர். “கம்பார்லேருந்து நின்னுகிட்டேதான் மிதிச்சேன்மா.”

மூவரும் சிரித்தார்கள். ஒரு மேசை காலியானது. பெண்கள் உட்கார்ந்தார்கள், அவர் மட்டும் உட்காரவில்லை.

“நாளைக்கே இன்னொன்னு வாங்கணும்,” என்றாள் மனைவி.

“அண்ணனுக்காக்கா?”

“எனக்குலா. இது இடுப்புல லூசா இருக்கு.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப அடுத்த வாரமும் வாரியா?”

“பின்ன? முந்நூறு வெள்ளி சிலுவாரைப் போட்டுக்கிட்டு வீட்டுல சமைக்கவா சொல்றீங்க?”