காலடியில் ஒரு மோட்டார்

ஜெயமங்கலத்திலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில், எதிரே இருந்த விவசாயி கிணற்று மோட்டாரைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்திருந்தார். வளைவுக்கு வளைவு அது என் பக்கமே நகர்ந்ததால் நான் பாதத்தைத் தூக்கியே வைத்திருந்தேன்.

“என் மகனுக்கு மோட்டாரைப் பத்தி எல்லாம் தெரியும் மாப்ள. இந்த மோட்டாருக்குத்தான் அவனைத் தெரியாது” என்றார், பக்கத்தில் இருந்த பச்சைத் துண்டுக்காரரிடம்.

“ஐ.டி.ஐ. படிச்சவனா மச்சான்?”

“அவனேதான். பிள்ளைகளைப் படிக்க வைங்க, நம்ம சீமையே முன்னேறும்னு மேடை போட்டுச் சொன்னாக. தெக்கு வயலை வித்துப் படிக்க வச்சேன்.”

“முன்னேறுச்சா?”

“முன்னேறியிருக்கும், குஜராத்துல. அங்கன மில்லு மோட்டாரைப் பாக்குறான்.”

“அப்ப இதை யாரு பாக்குறது?”

“தேனியில ஒருத்தன் கருகின மோட்டாருக்குக் காயில் கட்டுறான். படிச்சது மூணாப்பு. இன்னைக்கே கட்டித் தரலேன்னா கொடிக்கால் போச்சு. மூணு நாளாத் தண்ணியில்லாம வெத்தலை தலை தொங்கிக் கெடக்கு.”

அஞ்சாப்போடு நின்ற நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“மகன்கிட்டக் கேக்கலையா?”

“போன தடவை மோட்டாரு கருகினப்பவே எழுதிக் கேட்டேன். கரண்டு கம்மியா வந்தா மோட்டாரைப் போடாதீகன்னு பதில் எழுதியிருந்தான்.”

துண்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சின்னவனையாச்சும் கொடிக்காலைப் பாக்க வீட்டோட வச்சுக்கங்க மச்சான்.”

“பின்ன? கொடிக்காலுக்கு ஆள் வேணும்ல. அதுக்குத்தானே அவனைக் கோயம்புத்தூர்ல விவசாயம் படிக்க அனுப்பியிருக்கேன்” என்றவர், மறுபடி நகர்ந்த மோட்டாரைக் காலால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.