அவசரத்துக்கு யார் வீடு?

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வேலை முடிந்து கம்மாபுரம் பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“ஜப்பான் அம்மா கேட்டாங்கன்னு ஓரகத்தி பேரைச் சொல்லித் தொலைச்சிட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“எந்த ஜப்பான் அம்மா?”

“அங்க யுனிவர்சிட்டியில பொருளாதார ஆராய்ச்சி பண்றாங்களாம். கஷ்டத்துல யாருக்கு யாரு ஒதவுறாங்கன்னு வூடு வூடா கேக்குறாங்க. கூட வந்த பொண்ணு தமிழ்ல கேட்டுச்சு, ‘அவசரம்னா யாரு வூட்டுக் கதவைத் தட்டுவீங்க’ன்னு. யோசிக்காம வாயில வந்துடுச்சு.”

“ஆட்டுத் தகராறுலேர்ந்து அவகூடப் பேச்சே இல்லியே.”

“இல்லதான்.”

“அவ காதுல வுழுந்திருக்குமா?”

“நடுவுல ஒத்தச் சொவருதானக்கா. சாயந்தரம் பாத்தா என் வாசப்படியில ஒரு கிண்ணம் மீன்கொழம்பு மூடி வெச்சிருக்குது.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“கிண்ணத்தை வெறுமனே தரக் கூடாதுடி.”

“காராபூந்தி வாங்கியிருக்கேன்.”

“அவ செஞ்சாப்லயே நீயும் வாசப்படியில வெச்சிட்டு வந்துடேன்.”

“அப்படித்தான் நெனச்சேன்க்கா. ஆனா கதவைத் தட்டுவேன்னு சொல்லிட்டேனே.”