சுவர்ப் பக்கம்

ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ். என் மடியில் குழந்தை தூங்கியது. முன் சீட்டில் ஒரு தம்பதி. கணவர் ஷூ கம்பெனியில் தோல் செக்கர் என்பது பேச்சில் தெரிந்தது. ஒட்டுக்கேட்பது சரியில்லைதான், காதில் விழுந்துவிட்டது.

“வெளிக்கிப் போறப்ப ரத்தம் வருதுன்னு சொன்னா போதாதா? டாக்டரு விரல் வுட்டு வேற பாக்கணுமா?”

“மூலமா, வேற இன்னாவோன்னு எப்டித் தெரியும்? நீங்க தடவிப் பாக்காம தோலை பாஸ் பண்ணுவீங்களா?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“செவுத்தைப் பாத்து ஒருக்களிச்சுப் படுக்கணுமாம்.”

“நான் செவுரு பக்கம் நிக்கறேன். என் மூஞ்சியைப் பாத்துக்கங்க.”

“அதுக்குச் செவுரே மேல்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“நெஜமாவே உன்னையும் உள்ள வரச் சொல்வாங்களா?”