ஜி.எம். ரூமின் பரப்பளவு

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ். என் முன் சீட்டில் ஐடி கார்டு மாட்டிய இரண்டு பெண்கள். இளையவளின் பேச்சு திருநெல்வேலிப் பக்கம்.

“யக்கா, ஜி.எம். ரூமையும் கக்கூஸையும் ஒண்ணா சேத்துட்டேன்.”

நான் செல்போனைப் பையில் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னாடி சொல்ற?”

“புது ஆபீஸ் ப்ளான்ல எந்த ரூம் எத்தன சதுர அடின்னு காட்டணும்லா? ரெண்டு ஏரியாவையும் பிரிக்கிற கோட்டத் தெரியாம அழிச்சிட்டேன். சாஃப்ட்வேர் ரெண்டையும் ஒரே ரூம்னு நெனச்சி ஒரே கலர் அடிச்சிட்டு. கக்கூஸ்ங்கிற பேரும் போயிட்டு.”

“வார்னிங் வந்திருக்குமே?”

“வந்துதுக்கா. எப்பவும் வாரதுதானன்னு மூடிட்டேன்.”

“அத்த யாருதான் படிக்கிறோம். ப்ளான்ல செவுரு இன்னாச்சி?”

“செவுரு அப்படியேதான் இருக்கு. ஜி.எம். கலரத்தான் பாத்தாரு.”

“கத்தினாரா?”

“சிரிச்சாருக்கா! இப்பதான் என் தகுதிக்கு ஏத்த ரூமுன்னு சொல்லி கையெழுத்தே போட்டுட்டாரு.”

“அய்யய்யோ. நாளிக்கே கோட்டப் போட்டு சரி பண்ணிடு.”

“ரூமு சின்னதாயிருமே, யாரு போயி சொல்ல?”

“நான் மாட்டேன்பா. என் அப்ரைசல் அவரு கையிலதான் கீது.”

“சோபாவுக்கு வேற ஆர்டர் குடுத்துட்டாரு.”

“எங்க போடப் போறாராம்?”

“ஜன்னலோரமாத்தான் உக்காருவேன்னு சொல்லுதாரு.”



“அந்த ரூமுக்கு ஏதுடி ஜன்னலு?”

“அது கக்கூஸ் ஜன்னலுக்கா.”