பட்டறைக்குள்ள சொல்லப்பிடாத வார்த்தை

மால வேண்டாம் மக்கா. பொன்னாடையும் வேண்டாம். ஒண்ணாந்தேதி இணைப்பு விழாவுக்கு நான் வரல்லண்ணு உனக்க கமிட்டியில சொல்லிரு. இரி, சாயா வருது, குடிச்சிட்டுப் போலாம். இந்த வெயில்ல சைக்கிள் சவிட்டி வந்திருக்க.

கோவமாவா? கோவம் இல்லாம இருக்குமா. தமிழ்நாட்டோட சேக்க ஒம்பது தாலூக்கா கேட்டோம், நாலரை தந்திருக்கான். தேவிகுளம் எங்க, பீருமேடு எங்க, நெய்யாற்றங்கரை எங்க? நான் எழுதின நோட்டீசு ஒண்ணுலயாவது நாலரைண்ணு இருக்கா? ரெண்டு தடவ ஜெயிலுக்குப் போயி, முன்பல்லு போனவன் கேக்கேன். செரி, அது கெடக்கட்டு. நான் வராதது அதுக்கில்ல.

நீங்க அடிச்ச நோட்டீசுல எனக்க மொவன் பேரு இருக்கு. குண்டுக்கு நெஞ்சைக் காட்டிய வீரன் ஜான்ரோஸ்ணு. வாக்கியம் கொள்ளாம், நல்லாயிருக்கு, நானே எழுதியிருப்பேன். ஆனா அவன் குண்டு பட்டுச் சாவல்ல. அத எடுங்கோ. எடுத்தா வாறேன், எடுக்கலேண்ணா வரல்ல. அவ்வளவுதான் காரியம்.

ஆமா, ரெண்டு வருசம் முந்தி மார்த்தாண்டத்துல போலீசு துப்பாக்கி வெடி வச்ச அதே நாளுதான். வெடி பட்டவங்களுக்கக் கூட ஒரே ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் அவனையும் போட்டிருந்தாவ. அதக் கண்டுதான் எழுதியிருப்பிய. நீ அண்ணைக்கு எங்க நிண்ண? கொடி பிடிச்சியா. கொள்ளாம். வெடிச் சத்தம் கேட்ட பொறவு? பாலத்தத் தாண்டி குழித்துறைக்கு ஓடினியா. எல்லாரும் அங்கோட்டுதான் ஓடினாவ.

அவன் ஊர்வலத்துக்கே வரல்ல, கேட்டியா. குழித்துறையில ஆத்துப் பக்கமா ஒரு பட்டறை, அங்கதான் அவனுக்க வேலை. பஸ்ஸுக்கு ஸ்டியரிங் கை அடிக்குத எடம். டிரைவர் வளையத்தத் திருப்பினா சக்கரத்தத் திருப்புதது அந்தக் கைதான். சண்டைக் காலத்துல சீமைச் சாமான் வராமப் போச்சு பாரு, அப்பம் முதலாளி தானா அச்சு வெட்டி அடிக்கத் தொடங்கினான். அச்சுண்ணா எனக்கு நோட்டீசு அடிக்கது. அவனுக்கு அச்சுண்ணா ரெண்டு உருக்குக் கட்டை. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, ரெண்டுலயும் பாதிப் பாதி உருவம் குடைஞ்சிருக்கும். பழுத்த இரும்பக் கீழச்சுல வச்சு, மேலச்சு மாட்டின பெரிய எடைக்கட்டையக் கப்பியில தூக்கிப் போட்டா, இரும்பு மூலைமுடுக்கெல்லாம் போயி நெறைஞ்சு, மிச்சம் ஓரத்துல பிதுங்கும். அத வெட்டிக் களைஞ்சா, கை. வார்த்தது ஒடையும் அப்பா, அடிச்சது வளைஞ்சாலும் ஒடையாதும்பான். பெருமைதான் அவனுக்கு.

நான் ஏசுவேன். ஏலே, பாசைக்காக ஊரே தெருவுல நிக்கு, நீ உள்ள இருந்து கை அடிக்கியாண்ணு. அவன் சிரிப்பான். பஸ்ஸுல தமிழனும் இரிக்கான், மலையாளியும் இரிக்கான், கை ஒடைஞ்சா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஆத்துல விழுவாவம்பான். நான் அடுத்த நோட்டீசு எழுத உக்காந்திருவேன்.

எப்படிச் செத்தாண்ணு கேக்க. அதத்தான் சொல்ல வாறேன். கயித்த இழுத்து எடைக்கட்டைய மேல நிறுத்திப் பிடிக்கது சூசையும் குமாரதாசும். கீழ இடுக்கி பிடிக்கது இவன். இவன் விடுண்ணா கயித்த விடணும். அங்க உள்ள எரைச்சல்ல யாரு சொன்னா, எதுக்குச் சொன்னாண்ணு யோசிச்சிட்டு நிண்ணா இரும்பு ஆறிரும். காதுல விழணும், கை விடணும். அதனால அந்தப் பட்டறைக்குள்ள வேற எதுக்கும் அந்த வார்த்தையச் சொல்லப்பிடாது. சாயா குடிக்க விடுங்கோண்ணு கேக்கப்பிடாது. முதலாளியே சொல்லமாட்டான். இவனுக்கு வீட்டுலயும் நாக்குல வராது. கோழிய விட்டியாலேண்ணு அவனுக்க அம்மை நேசபாய் கேட்டா, தெறந்தாச்சும்பான். நான் எப்பமாவது அவன அடிக்கக் கை ஓங்கினா, நேசபாய் நடுவுல வந்து விடுங்க விடுங்கம்பா. இவன் டக்குண்ணு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால இழுப்பான். எனக்குச் சிரிப்பு வந்திரும். பொறவு எங்க அடிக்கது.

அண்ணைக்கு இரும்ப அச்சுல வச்சிருக்கான். இரும்புப் பொருக்கு உதிர்ந்து குழியில கெடந்திருக்கு. அதோட அடிச்சா கையில வடு விழும், பஸ்ஸுக்கு ஆவாது. அதத் தட்டி எடுக்கக் குனிஞ்சிருக்கான். அந்நேரம் பட்டறை நடையில ஒரு பய. வெடிக்குப் பயந்து ஓடி வந்தவன். போலீசுக்காரன் முடியக் கூட்டிப் பிடிச்சு இழுக்கான். பய கத்தி நெலவிளிச்சிருக்கான். என்ன சொல்லி நெலவிளிப்பான்? முடியப் பிடிச்சு இழுத்தா நானும் அதத்தான் சொல்லுவேன்.

வலத்த பக்கம் தோளோட போச்சு.

சூசை இப்பம் எந்தக் கயிறும் பிடிக்க மாட்டான். கெணத்துல வெள்ளம் கோரக்கூட பெண்டாட்டிதான் போவா. நான் போயி, ஏலே சூசே, உனக்க மேல தப்பு இல்லண்ணு சொல்லிப் பாத்தேன். அவன் மொகத்த அங்கோட்டுத் திருப்பிக்கிட்டான்.

ஏன் எந்திக்க? இரி. சாயா மிச்சம் இருக்கு மக்கா.

நீ நடையேறி வந்து துண்ட எடுத்தப்பமே உச்சியில ஒரு பிடி முடி இல்லாததக் கண்டேன். பொறவு பாலத்தத் தாண்டி ஓடினேண்ணும் நீயே சொன்ன. வழக்குக்கு இல்ல. உனக்க மேல எனக்கு என்ன வழக்கு. நீ சொன்னதுக்கு உனக்கு ஒரு அர்த்தம், கயித்தப் பிடிச்சவனுக்கு வேற அர்த்தம். ரெண்டும் தமிழ்தான்.

ரெண்டு நாளு உசிரோட கெடந்தான். கையக் கேக்கல்ல. அம்மையக் கேக்கல்ல. அந்தப் பயல விட்டாவளா அப்பாண்ணு கேட்டான். போலீசு வண்டியில ஏத்தினா என்ன செய்வாவண்ணு அவனுக்குத் தெரியும், நான் ஜெயிலுல இருந்து வந்த கோலத்த அவன் கண்டிருக்கான். கேட்டுக்கிட்டே கெடந்தான். விட்டாச்சு மக்கா, அவன் வீட்டுக்குப் பெய்ட்டான்ணு சொன்னேன். நான் எங்க கண்டேன். சும்மா சொன்னேன். அதுக்குப் பொறவு அவன் ஒண்ணும் கேக்கல்ல.

நோட்டீசுல நீங்க என்ன வேணும்ணாலும் போடுங்கோ. எனக்கு இத மட்டும் சொல்லிட்டுப் போ. அண்ணைக்கு உன்னெ விட்டாவளா?